வரைபடத்தில் மட்டும் இருந்த படிக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள நெட்டையண்ணாவுக்கு,

மைக்கூடு எழுதுகிறேன். கவரின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். "இருபத்தாறு வருஷம் கழிச்சு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதுறா?" என்று அண்ணியிடம் கேட்டிருப்பீர்கள். நியாயம்தான். மூஞ்சியைக் காட்டத் தைரியம் இல்லாமல்தான் கடிதம். நம் ஆபீஸின் பழைய பியூன் உங்கள் விலாசத்தோடு போன் நம்பரும் கொடுத்தார். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குப் பேனாதான் சரி.

நான் எங்கிருந்து எழுதுகிறேன் தெரியுமா? நீங்கள் பன்னிரண்டு வருஷம் சங்கிலி பிடித்து அளந்த ஊரிலிருந்து. நீங்கள் அளந்து அனுப்ப அனுப்ப, நான் அங்கே நம் சர்வே ஆபீஸின் இருட்டு அறையில் உட்கார்ந்து மையில் வரைந்தேனே, அந்த ஊரிலிருந்து! போன மாதம் ஓய்வு பெற்றேன். மகள் கையில் டிக்கெட்டைத் திணித்தாள். "அம்மா, தூக்கத்துல கூட அந்த ஊர்த் தெருப் பேரைச் சொல்றே. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடு" என்றாள். மாதம் முழுக்க இங்கேதான். ஒரு தையல்கார அம்மாவின் மாடி அறை. கீழே மிஷின் ஓடினால் என் கட்டிலும் சேர்ந்து ஓடுகிறது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல்!

அண்ணா, இந்த ஊர் அழகை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு வீட்டின் மொட்டை மாடி இன்னொரு வீட்டுக்கு வாசலாக இருக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கோடியில் ஒரு துண்டுக் கடல். காலையில் கீழ்ப்பாதி ஊரை மூடுபனி மூடிவிடுகிறது. கப்பல் ஊதுவது மட்டும் கேட்கிறது. ஒன்பது மணிக்குப் பனி விலகி ஒவ்வொரு கூரையாக வெளியே வரும்போது நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். வரைபடத்தில் உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் மலை செங்குத்து என்று எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன்! அந்த நெருங்கிய கோட்டின் மேல் நடந்து பார்த்தால்தான் முழங்கால் விஷயத்தைச் சொல்கிறது.

நீங்கள் உங்கள் அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் எனக்காகப் பென்சிலால் படம் போட்டு, குறிப்பு எழுதி அனுப்புவீர்களே, அதெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். எங்கள் அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். எனக்கு இருந்த ஒரே ஜன்னல் உங்கள் ஓரம்தான். இப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன். "இங்கே காற்று தொப்பியைப் பிடுங்கும்." நேற்று என் குடையைப் பிடுங்கியது. "நாலரை மணிக்கு இந்தச் சுவர் முழுக்க வெயில்." இன்று போய் நின்றேன், நாலரைக்கு ஒரு நிமிஷம் தப்பவில்லை. இத்தனை வருஷம் எனக்கு ஒரு ஊரையே காட்டினீர்கள். ஒரு நன்றி சொன்னேனா? இப்போது சொல்கிறேன். ரொம்ப நன்றி அண்ணா.

ஓர் இடத்துக்கு மட்டும் இன்னும் போகவில்லை. எது என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணி சௌக்கியமா?

என்றும் அன்புடன்,
மைக்கூடு


மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தோஷம். நான் நலம். உன் அண்ணி நலம். எனக்கு முழங்கால் இரண்டும் தகராறு செய்கின்றன; ஏற ஒத்துக்கொள்கின்றன, இறங்கச் சொன்னால் முறைக்கின்றன.

ஊர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் அளந்துவிட்டு வந்த பிறகு கெட்டுப்போகவில்லை என்பதில் மகிழ்ச்சி.

பியூன் நம்பரும் கொடுத்து விலாசமும் கொடுத்தான் என்கிறாய். இருபத்தாறு வருஷமாக அவன் அதே தெருவில்தான் இருக்கிறான். கேட்டிருந்தால் அப்போதும் கொடுத்திருப்பான். உன் அண்ணி இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் நட. தண்ணீர் எடுத்துக்கொண்டு போ. வடக்குக் குன்றின் உச்சிக்குப் போகாமல் வந்துவிடாதே. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

நீ போகாத இடம் எது என்று தெரியும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 13, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டியதற்கும் நன்றி. நீங்கள் பேசாமல் இருந்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும். அண்ணி எழுதாதே என்றதை எழுதியதால்தான் அது உங்கள் கடிதம் என்று நம்பினேன்.

வடக்குக் குன்றுக்குப் போனேன். பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "எங்க ஊர் அப்படித்தான், வர்றவங்களை முதல்ல உட்கார வச்சிடும்" என்றாள். உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் கடல் நீலம், இன்னொரு பக்கம் கடல் வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் மலை முதுகில் ஊர். கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று கேட்காதீர்கள். ஊரையும் கும்பிட்டேன், அளந்தவரையும் கும்பிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தேன். உங்களுக்குத் தெரியாததை ஒன்றும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் என் வாயால் ஒரு தடவையாவது சொல்லியாக வேண்டும்.

தெற்குப் பாறை. ஐம்பத்தாறு அடி உயரம். மேலே கடைத்தெரு, கீழே படகுக்காரர்கள் தெரு. உங்கள் அளவுப் புத்தகத்தில் அதற்கான தாளின் ஓரத்தில் நீங்கள் ஒரு படிக்கட்டு போட்டிருந்தீர்கள். நடுவில் ஒரு பெஞ்சு. "அரையடிக்கு ஒரு படி, நூற்றுப் பன்னிரண்டு" என்று கணக்கு. அதை நான் மையில் வரைந்துவிட்டேன். அவ்வளவு அழகாகப் போட்டிருந்தீர்கள், இருக்கிறது என்றே நம்பிவிட்டேன். போதாக்குறைக்கு, பாதியில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு தும்மல் போட்டார். என் பேனா இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சமாளிக்க அந்த இடத்தில் படியை வளைத்துவிட்டேன். படம் அச்சுக்குப் போன பிறகுதான் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "இது அளவு அல்ல, என் ஆசை. இப்படி ஒன்று இருந்தால் நீ வந்து உட்கார்ந்து பார்க்கலாம்."

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் எவனோ ஒரு சுற்றுலாக்காரன் படியைத் தேடிப் போய்ப் பாறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டான். விசாரணை வந்தது. உங்கள் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தத் தாள் அதில் இல்லை. நீங்கள் எழுந்து, "படி இருக்குன்னு எழுதினது நான்தான். தாள் தொலைஞ்சு போச்சு. வரைஞ்சவங்க மேல தப்பு இல்ல" என்றீர்கள். அந்தத் தாள் இருந்திருந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கும், என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நான் மூன்றாவது நாற்காலியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகளுக்கு ஆறு வயது. அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை. இதெல்லாம் காரணம்தான், மன்னிப்பு ஆகாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். உங்களைத் தூக்கிப் பதிவேட்டு அறையில் போட்டார்கள். நான் வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அந்த ஊர்ப் படத்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

நீங்கள் ஏழு கடிதம் போட்டீர்கள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. திட்டியிருப்பீர்கள் என்று பயம். திட்டாமல் இருந்திருப்பீர்களோ என்று அதைவிடப் பயம். ஏழும் என் பெட்டியில் இருக்கின்றன, இங்கேயே கொண்டுவந்திருக்கிறேன்.

என்னை மன்னிப்பீர்களா அண்ணா?

மைக்கூடு


மார்ச் 18, செவ்வாய்

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். பாதியில் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். மீதியை நான் படித்தேன். எனக்கும் அதே கதி. கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் தியாகி இல்லை. சர்க்கார் புத்தகத்தில் பன்னிரண்டு வருஷம் படம் கிறுக்கியவன். அதில் பாதித் தப்பு என் பென்சிலுடையது. தாளைக் கிழித்தது நான். அதை எடுத்துக் காட்டி, சின்னப் பிள்ளையோடு தனியாக நிற்பவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நான் மலையேறிச் சம்பாதிக்க வேண்டுமா? யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காக உன்மேல் கோபப்பட்டதும் இல்லை.

கோபம் வேறு. பதிவேட்டு அறை பார்த்திருக்கிறாயா? நாலு பக்கமும் ரேக்கு. நடுவில் ஒரு ஸ்டூல். ஜன்னல் ஒன்று உண்டு, திறந்தால் சுவர். காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு குன்று குன்றாக ஏறியவனைத் தூசி தட்ட உட்கார வைத்தார்கள். அப்போதுதான் நீ எந்த மாதிரி அறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தாய் என்று புரிந்தது. உனக்காவது ஓரத்தில் படம் போட்டு அனுப்ப ஓர் ஆள் இருந்தான். எனக்கு யார் இருந்தார்கள்? நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். "இன்னிக்கு மழை, அண்ணா" என்று எழுதியிருந்தால்கூடப் போதும். ஏழு கடிதமும் அதைத்தான் கேட்டன. பிரித்துப் பார், ஒரு திட்டும் இருக்காது. அதாவது ஆறில் இருக்காது. ஏழாவதில் கொஞ்சம் இருக்கும்.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. தெற்குப் பாறைக்குப் போய் அந்தப் பாறையிடம் கேள். அந்த அப்பாவிதான் இல்லாத படியைச் சுமந்தது. அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று எழுது. அளக்கும் வேலை போன நாளிலிருந்து அந்த ஊர்ப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

அண்ணன்

பி.கு. உன் அண்ணி சொல்கிறாள்: "அவளை நேர்ல வரச் சொல்லுங்க. எனக்குத் திட்ட வேண்டியது தனியா இருக்கு."


மார்ச் 22, சனி

அண்ணா! அண்ணா!

அவசரத்தில் எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னித்துவிடுங்கள்.

முதலில் ஏழு கடிதத்தையும் பிரித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றிலும் "உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழாவதில் என்னை "ஊமைக் கோட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் முதலில் சிரித்தேன், பிறகு அழுத அழுகையில் கீழே தையல் மிஷின் நின்றுவிட்டது. "என்னம்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று தையல்கார அம்மா மேலே ஓடிவந்தார். "இல்லைங்க, பழைய நல்ல சேதி" என்றேன்.

மறுநாள் காலையில் தெற்குப் பாறைக்குக் கிளம்பினேன். கடைத்தெருக் கோடிவரை போய்விட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. மூலையில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கீழ போகணுமா? பயப்படாதீங்க, கைப்பிடி இருக்கு" என்றார்.

"எதுக்குக் கைப்பிடி?" என்றேன்.

"படிக்குத்தான்!" என்றார்.

அண்ணா, படி இருக்கிறது. நம் படி! கல்லில் கட்டி, இரும்புக் கைப்பிடி போட்டு, கடல் வரைக்கும் இறங்குகிறது. நடுவில் வளைகிறது. என் பேனா எங்கே இழுத்துக்கொண்டு போனதோ அதே இடத்தில், அதே பக்கமாக வளைகிறது. வளைவில் ஒரு பெஞ்சு. நான் அப்படியே கடைக்கார அம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்காமலே டீயைக் கையில் கொடுத்தார்.

நடந்தது இதுதான். விசாரணை முடிந்து, படி இல்லை என்று திருத்தச் சீட்டு ஒட்டுவதற்குள் படம் ஊருக்குள் நூறு வீட்டுக்குப் போய்விட்டது. கீழ்த்தெரு ஜனங்கள் அதுவரை மேலே வர வண்டிப்பாதையைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அவர்கள் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைக்கார அம்மாவின் மாமியார்தான் முன்னால் நின்றாராம். "படத்துல படி இருக்கு. சர்க்கார் முத்திரையும் இருக்கு. ஊர்ல எங்கய்யா காணோம்?" என்று ஒரே பிடி. அலுவலகத்தில் எல்லாரும் முழித்திருக்கிறார்கள். கட்டவே இல்லை என்றால் படம் பொய். கட்டியது காணோம் என்றால் நூற்றுப் பன்னிரண்டு கல் எங்கே போயிற்று என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எழுத்து மேல் எழுத்தாகப் போய், கடைசியில் ஓர் அதிகாரி, "காணாமப் போன படியைத் தேடுறதை விட, கட்டுறது சுலபம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம்!

"நடுவுல ஏங்க வளைச்சிருக்காங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"மேஸ்திரி நேரா கட்டத்தான் பார்த்தாரு. படத்துல வளைவு இருக்கு, அளந்து போட்டவங்களுக்குத் தெரியாதான்னு எங்க மாமியார் விடல. நல்லதாப் போச்சு. அந்த வளைவு இல்லைன்னா சுமையோட ஏறுறவங்க எங்க நிப்பாங்க? அதுக்குத்தான் பெஞ்சு போட்டோம். யாரோ ரொம்ப யோசிச்சுப் போட்டிருக்காங்க" என்றார்.

தும்மலைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் மருமகளுக்கு ஏழாம் மாசமே வலி எடுத்துடுச்சு. நாற்காலியில உட்கார வச்சு இந்தப் படியிலதான் நாலு பேர் தூக்கிட்டு ஓடினாங்க. சுத்திப் போயிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்னு டாக்டரே சொன்னாரு. அன்னிக்குப் பொறந்த பேத்தி இப்ப பள்ளிக்கூடத்துக்கு இந்தப் படியிலதான் ஓடுறா. இதை வரைஞ்ச மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

அந்த ஆசீர்வாதத்தை உங்களுக்கு அப்படியே அனுப்புகிறேன். என் பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே அண்ணா, நம் ஏட்டுச் சுரைக்காயை ஒரு ஊரே சமைத்துச் சாப்பிட்டுவிட்டது!

இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் ஆசைப்பட்டபடியே உட்கார்ந்து பார்த்தேன். நேர் எதிரே கடல், இடப்பக்கம் அடுக்கடுக்காகக் குன்றும் கூரையும், கீழே படகுகள். அழகு என்று எழுதினால் போதவில்லை. அதனால் ஓரத்தில் பென்சிலில் படம் போட்டிருக்கிறேன். நான் மைக்காரி, பென்சில் எனக்குச் சரியாக வராது. இனி வாரம் ஒன்று அனுப்புவேன். இருபத்தாறு வருஷத்துப் பாக்கி ஜன்னல்.

படிகளை எண்ணவும் எண்ணினேன். முதல் தடவை நூற்றுப் பதினொன்று வந்தது. இரண்டாவது தடவை நூற்றுப் பதின்மூன்று. என் எண்ணும் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ரயில். அதற்குள் இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்.

நன்றி அண்ணா. தாளைக் கிழித்ததற்கு, ஏழு கடிதத்துக்கு, ஊமைக் கோட்டானுக்கு, எல்லாவற்றுக்கும்.

உங்கள் தங்கச்சி,
மைக்கூடு


மார்ச் 27, வியாழன்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டோம். ஐந்தாவது தடவை எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து உன் அண்ணி படித்துக் காட்டினாள். அவர் பாவம், வாடகைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது.

படத்தைப் பார்த்தேன். கடலுக்குப் பக்கத்தில் போட்டிருப்பது படகா, செருப்பா? இருந்தாலும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். எனக்கு யாரும் ஓரத்தில் படம் போட்டு அனுப்பியதில்லை. நன்றாக இருக்கிறது, மைக்கூடு. ரொம்ப நன்றாக இருக்கிறது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பதினான்கு வருஷமும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

கிழித்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. என் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன். பின்பக்கம் எழுதியது இன்னும் அழியவில்லை: "இது அளவு அல்ல, என் ஆசை." இப்போது அது தப்பான பதிவு. சர்வேயர் கையெழுத்தில் தப்பான பதிவு இருக்கக் கூடாது. திருத்தியாக வேண்டும்.

ஆனால் நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதின்மூன்று என்று நீ எழுதியதை வைத்து நான் எதையும் திருத்த மாட்டேன். எத்தனை தெருவை நான் அளந்து அனுப்பி நீ வரைந்திருக்கிறாய்! ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்ததை என்றைக்காவது நான் ஒத்துக்கொண்டேனா? இரண்டு முனையிலிருந்தும் அளந்து, நடுவில் வந்து, கூட்டிப் பார்த்தால்தான் அளவு.

அதனால் உன் ரயிலைத் தள்ளிப்போடு. மகளிடம் நான் சொன்னேன் என்று சொல். ஏப்ரல் 5, சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பனி விலகும் நேரம். என் முழங்கால் ஏறத்தான் ஒத்துக்கொள்கிறது. ஆகையால் நானும் உன் அண்ணியும் கீழ்த்தெருவிலிருந்து எண்ணிக்கொண்டு ஏறுகிறோம். நீ டீக்கடையிலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கு. யாரோடும் பேசாதே, எண்ணிக்கை தப்பிவிடும். இருபத்தாறு வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு ஐம்பத்தாறு படி ஒன்றும் கஷ்டமில்லை.

வளைவில் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். நூற்றுப் பன்னிரண்டு வந்தால், "ஆசை" என்பதை அடித்துவிட்டு "அளவு" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அப்புறம் உன் அண்ணி உன்னைத் திட்டட்டும். அதற்கும் அந்த இடம் வசதி என்கிறாள், நீ ஓட முடியாது.

கூட்டல் தப்பினால், இந்தத் தடவை உன் பேரில்தான் எழுதுவேன்.

உன் அண்ணன்,
நெட்டை